ஞானசிகாமணிக்காக ஒரு ஜெபக்குறிப்பு

அன்றைக்குத் திங்கட்கிழமை. கும்பப்பூப் போகத்து நெல் நடவு முடிந்து முதல் உரத்துக்கு ஆட்கள் வருகிற சமயம். கொட்டாரத்தில் என் உரக்கடையில் காலையிலேயே நாலைந்து பேர் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, வாங்க வந்ததை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கார் வாசலில் நின்றது. இறங்கியவர் உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் மடக்கிய குடை. உள்ளே வருவதற்கு முன்னால் கடையை மூலைக்கு மூலை கண்ணாலேயே அளந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர், பெயர் ராஜமணி, ஊர் தக்கலை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

"நேத்து இங்க சபையில ஜெபக்குறிப்பு வாசிச்ச ஆளு ஆரு?"

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். என் குரல் நன்றாக இருக்கிறது என்று சிலர் தேடி வந்து சொல்வதுண்டு. "நானாக்கும்" என்றேன்.

"ஞானசிகாமணின்னு ஒரு பேரு வாசிச்சீரா?"

"வாசிச்சேன்."

"அயர்லாந்துல மனசு சுகமில்லாம ஒம்ம மவகிட்ட வைத்தியத்துக்குக் காட்டுகான்னு வாசிச்சீரா?"

"ஆமா. பாவம், அந்த ஆளுக்கு..."

"அந்த ஆளு எனக்க மருமவனா வரப்போறவன் ஓய்! வாற மாசம் கல்யாணம்!"

மூட்டை மேல் இருந்தவர்கள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்கள்.  எனக்குத் தெரிந்தவரை அயர்லாந்தில் ஞானசிகாமணி என்று ஒரு ஆளே கிடையாது. அந்தப் பெயரை உண்டாக்கினவன் நான். சனிக்கிழமை சாயங்காலம், சாயா குடித்துக்கொண்டே உண்டாக்கினேன்.

எதற்கு உண்டாக்கினேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ராஜமணி சார் அதுவரை கடை வாசலிலேயே நிற்கட்டும்.

முட்டுவலிக்கு மருந்து கேட்டவர்கள்

போன வாரம் இந்தப் பத்தியில், என் மகள் ஷைனியைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றியதோடு நிறுத்தியிருந்தேன். அவள் போனது சைக்காலஜி படிக்க. உளவியல் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தின எனக்கு இரண்டு சொல்லும் ஒரே தூரம்தான்.

புறப்படும் முன் சபையில் அவளுக்காக ஜெபித்த போதகர் ஐயா, "மேல்நாட்டில் மருத்துவம் படிக்கச் செல்லும் நமது மகள்" என்று சொல்லிவிட்டார். கண்ணை மூடி ஜெபிக்கிற மனிதரை இடையில் நிறுத்தித் திருத்த முடியுமா? விட்டுவிட்டேன். அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு எக்ஸ்ரே வர ஆரம்பித்தது. முட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் என் மனைவி ரோஸ்லெட்டின் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். ஷைனி அங்கே பாடம் படிப்பாளா, பெரியம்மாக்களின் முட்டுகளைப் பார்ப்பாளா?

கடைக்கு வருகிறவர்களிடம் விளக்குவது அதைவிடக் கஷ்டம்.

"மவ அங்க டாக்டரா அண்ணாச்சி?"

"இல்ல."

"அப்போ நர்ஸு."

"அதும் இல்ல."

"பின்ன என்னதான் செய்யுகா?"

"ஆளு வந்து உக்காருவாவ. மனசுல கெடக்கத சொல்லுவாவ. இவ கேப்பா."

"மருந்து?"

"கெடையாது."

"ஒரு ஊசி கூடவா இல்ல?" என்று கேட்டவர் என் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். "இதுக்கு எதுக்கு வே அயர்லாந்து? ஒம்ம கடையில தெனமும் அதுதானே நடக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானம் சோறு தின்னும்போது அதில் கொஞ்சம் உண்மை இருப்பதாகப் பட்டது. வயல் மஞ்சளித்துவிட்டது என்று ஒருவர் வந்தால் உடனே மூட்டையைத் தூக்கிக் கொடுக்கிறவன் நல்ல உரக்கடைக்காரன் இல்லை. எப்போதிருந்து? வெள்ளம் கட்டி நிற்கிறதா? பக்கத்து வயலும் மஞ்சளா? நாலு கேள்வி கேட்க வேண்டும். சில சமயம் வயலில் ஒன்றுமே இருக்காது. வீட்டில் இருக்கும்.

உன் பலவீனம் என்ன?

படிப்பு ஒழுங்காக முடிந்தது. வேலைதான் கிடைக்கவில்லை.

நாகர்கோவிலில் அவள் வாங்கின பட்டத்தை அங்கே உள்ளவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அனுபவம் உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் அனுபவம் எங்கிருந்து வரும்? அதனால் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது.

"இன்னைக்கு ஒரு பாட்டாவுக்குத் தல சீவிவிட்டேன் அப்பா. எனக்கிட்ட ரெண்டு மணிக்கூறு கப்பல் கத சொன்னாரு" என்பாள். நான் ஊரில் "ஆஸ்பத்திரியில இருக்கா" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

முதல் நல்ல நேர்முகத் தேர்வு வந்தபோது புத்தி சொன்னவன் நான். "உள்ளத உள்ளபடி சொல்லு மக்களே. மிச்சத்த கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். கடைசியில் ஒருவர், "உன் பலவீனம் என்ன?" என்றாராம். சிறுவயது முதல் சபையில் வளர்ந்த பிள்ளை. பாவ அறிக்கை செய்யச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். காலையில் எழும்ப மடி என்றாள். கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்துவேன் என்றாள். பத்தாம் வகுப்பில் ஒருதடவை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினேன், இன்றும் மனது குத்துகிறது என்றாள். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அந்த மூன்று பேரில் ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்தாளாம். வேலை கொடுக்கவில்லை.

அவளோடு தங்கியிருந்த மலையாளத்து நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "எடீ, ரொம்பக் கவனமா வேல செய்வேன், அதாக்கும் எனக்க பலவீனம்னு சொல்லணும்!" அடுத்த தடவை அப்படியே சொன்னாள். வேலை கிடைத்தது. அது பொய்யில் சேருமா என்று நானும் அவளும் ஒரு மாதம் போனில் விசாரப்பட்டோம்.

சேர்ந்தது உதவியாளராக. அவளுக்கு மேலே மூத்த அம்மாள் ஒருத்தர். வாரம் ஒருமுறை அந்த அம்மாள் முன்னால் உட்கார்ந்து, செய்ததையெல்லாம் சொல்ல வேண்டும். ஒருநாள் அந்த அம்மாள் இவளிடமே, "இப்போது உன் மனது எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். ஷைனிக்கு 'வெப்ராளம்' என்ற சொல்தான் வந்தது. அதற்கு இங்கிலீஷ் கிடைக்கவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, பஸ் நகர ஆரம்பித்துவிட்டது, சில்லறை தரையில் விழுந்துவிட்டது, அப்போது நெஞ்சில் வருமே அது என்று நடித்தே காட்டினாளாம். அதற்குப் பிறகு மழை நாளில் அந்த அம்மாள் அலுவலகத்துக்கு ஓடிவந்து, "வெப்ராளம், வெப்ராளம்!" என்று சொல்வதாகக் கேள்வி.

இந்த இடத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தனியாக ஆட்களைப் பார்க்கத் தகுதியானவள் என்று அந்த அம்மாள் எழுதிக் கொடுத்தால்தான் ஷைனிக்குப் பதிவு கிடைக்கும். பதிவு கிடைத்தால்தான் அவள் அந்த நாட்டில் சைக்காலஜிஸ்ட். எழுதிக் கொடுக்காவிட்டால், தலை சீவிவிட்டதும் துணி மாற்றியதும் அழுததும் எல்லாம் வீண்.

அந்த எழுத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தபோதுதான் நான் சாயா குடித்தேன்.

விலாசம் இல்லாத விண்ணப்பம்

அங்கே மத்தியானம், இங்கே சாயங்காலம். போனில் அவள் குரல் துள்ளியது.

"அப்பா, இன்னைக்கு மொதமொதலா எனக்குன்னு ஒரு ஆளு வந்தாவ. மேடம் பக்கத்து அறையில இருக்க, நான் தனியா பாத்தேன்."

"ஸ்தோத்திரம்! பேரு என்ன?"

"பேரு சொல்லக்கூடாதுப்பா."

"ஆணா, பொண்ணா?"

"அதும் சொல்லக்கூடாது."

"என்ன விசயம்னாவது சொல்லு மக்களே. ஜெபிக்கண்டாமா?"

"எல்லாரும் நல்லா இருக்கணும்னு ஜெபிங்கோ. ஆண்டவருக்குத் தெரியும்லா?"

தெரியும்தான். ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் சபையில் பத்துப் பதினைந்து வருடமாக ஜெபக்குறிப்பு வாசிக்கிறவன் நான். சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள், நான் உரக்க வாசிப்பேன், சபையார் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபிப்பார்கள். வடக்குத் தெரு எஸ்தர் அம்மாளின் கண் ஆபரேஷன், இன்னாரின் பேரனுக்கு அரசு வேலை, இன்னாரின் பசு. பசுவுக்குக்கூடப் பேர் உண்டு. பேரில்லாமல் எப்படி? விலாசம் எழுதாத கடுதாசி மாதிரி அல்லவா இருக்கிறது?

என் மகளின் முதல் ஆள். எனக்கு அந்த ஆள் சுகப்பட வேண்டும் என்று உண்மையாகவே இருந்தது. அதனால் நானே ஒரு பேர் வைத்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அஜின், ஷிபின், ஜெபின், பிபின். அந்தப் பேர் எதை வைத்தாலும் யார் மேலாவது போய் விழும். உயிரோடு இருக்கிற யாருக்கும் இல்லாத ஒரு பழைய பேராகத் தேடினேன். ஞானசிகாமணி அகப்பட்டது.

ரோஸ்லெட் சாயா டம்ளரைக் கீழே வைத்தாள். "வெள்ளக்காரனுக்கு ஞானசிகாமணின்னா பேரு?"

"மிஷனெரிமாரு வந்து நமக்கு வெள்ளக்காரப் பேரு வச்சாவ. நாம ஒரு வெள்ளக்காரனுக்கு நம்ம பேரு வச்சா என்ன கொறஞ்சு போச்சு?"

"பொய்யில்லியா?"

"விலாசத்துக்குத்தானட்டி."

மறுநாள் மற்றச் சீட்டுகளோடு அதையும் வாசித்தேன். "அயர்லாந்து தேசத்தில், மனக்கலக்கத்தோடு நமது மகள் ஷைனியிடம் ஆலோசனைக்கு வரும் ஞானசிகாமணி அவர்களுக்காக." நல்ல நிறுத்தம் கொடுத்து, கடைசிப் பெஞ்சு வரை கேட்கும்படி வாசித்தேன். சபையார் உருகி ஜெபித்தார்கள்.

ஓலையில் வந்த பேர்

இனி ராஜமணி சாரை உள்ளே கூப்பிடலாம்.

எங்கள் பக்கத்து சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை 'ஓலை' வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் உண்டானால் அறிவிக்கலாம் என்று அறிவிப்பு. அதில் வீட்டில் கூப்பிடுகிற பேர் வராது. ஞானஸ்நானப் பேர்தான் வரும். ஞானஸ்நானத்துக்கோ, பாட்டாவின் பேரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, மறுநாளே அதை எல்லாரும் மறந்துவிடுவது வழக்கம்.

ராஜமணி சாரின் மகள் ஜாஸ்மினுக்குப் பார்த்த மாப்பிள்ளை ஷிபின். அயர்லாந்தில், என் மகள் இருக்கும் அதே ஊரில், ஆஸ்பத்திரி நர்ஸ். ஞானஸ்நானப் பேர் அவருடைய பாட்டாவின் பேர்.

என்ன பேர் என்று இனி நான் சொல்ல வேண்டுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் இரண்டாம் ஓலை. ஞானசிகாமணி என்ற ஷிபின், அயர்லாந்து. அதே நேரம் கொட்டாரத்தில் என் நல்ல குரல். ஜாஸ்மினின் அத்தை எங்கள் சபைதான். ஆராதனை முடிந்து செருப்பைப் போடும் முன்பே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். ஓலைக்குத் தடை சொன்னது மாதிரி ஆயிற்று.

(இதை எழுதி ஷிபினுக்கும் ஜாஸ்மினுக்கும் படிக்கக் கொடுத்தேன். பேரை மாற்றட்டுமா என்றேன். "மாமா மறுபடியும் பேரு வைக்கண்டாம்" என்று ஜாஸ்மின் கையெடுத்துக் கும்பிட்டாள்.)

இல்லை என்ற சொல்

"ஒம்ம மவளக் கூப்பிடும். அவன் அங்க போறதுண்டா இல்லியான்னு ஒரே வார்த்த. எனக்கு அது போதும்" என்றார் ராஜமணி சார்.

"அங்க இன்னும் விடியல சார்."

"விடியட்டு" என்று யூரியா மூட்டையில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை எழும்பவில்லை. ரோஸ்லெட் வீட்டிலிருந்து சோறும் சாளை மீன்கறியும் கொடுத்துவிட்டாள். கோபம் கோபம்தான், சாளைக்கறி சாளைக்கறிதான். இரண்டாம் தடவை குழம்பு கேட்டார்.

ஷைனி போனை எடுத்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். 

"ஸ்பீக்கர்லயா போட்டிருக்கியோ?"

"ஆமா மக்களே. சார் கேக்கணும்னு..."

"ஆஃப் பண்ணுங்கோப்பா."

ஆஃப் பண்ணினேன். "ஒரே வார்த்த மக்களே. அந்தப் பையன் உனக்கிட்ட வரல்லன்னு சொல்லிடு. ஒரு கல்யாணம் நிக்கப்போவு."

"சொல்ல முடியாதுப்பா."

"வராத ஆள வரல்லன்னு சொல்லுகதுக்கு என்ன?"

"ஆரு வாறாவ, ஆரு வரல்ல, ரெண்டும் சொல்லக்கூடாது. இன்னைக்கு ஒருத்தருக்கு இல்லன்னு சொல்லியாச்சுன்னு வைங்கோ. நாளைக்கு வேற ஒருத்தரப் பத்தி கேக்கும்போ நான் பேசாம இருந்தா, அது ஆமான்னுல்லா ஆவும்?"

நான் உரக்கடைக்காரன். ஆனால் அது எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் இத எனக்க மேடத்துக்கிட்ட சொல்லணும்" என்றாள்.

"எதுக்கு? கொட்டாரத்துல வாசிச்சது அயர்லாந்துலயா கேக்கப்போவு?"

"தக்கலையில கேட்டுச்சுல்லா?"

மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அந்த எழுத்துக்கு இன்னும் கொஞ்ச நாளுதானப்பா இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ராஜமணி சார் குடையை ஊன்றி எழும்பினார். "பாத்தீரா? இல்லன்னு சொல்ல மாட்டேங்கா. அப்போ உண்டும்!"

"சார், ஷைனி ஒண்ணும் சொல்லல்ல. அந்தப் பேரு நான் வச்சதாக்கும். ஜெபத்துக்கு ஒரு பேரு வேணும்னு நானா வச்சேன்."

அவர் குடையை என் பக்கம் நீட்டினார். "நீரு சபைக் கோயில்ல நின்னு சொன்னது பொய்யா, இல்ல கடையில நின்னு சொல்லுகது பொய்யா? எத நான் நம்பணும்?"

மூட்டை மேல் இருந்த எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். 

"நாளைக்கு எனக்க வீட்டுக்கு வாரும். எனக்க மவ முகத்தப் பாத்துச் சொல்லும்" என்று போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த மூட்டையில் ஒரு பள்ளம் அப்படியே பதிந்திருந்தது.

ரத்தம் எடுக்கிற பெண்

செவ்வாய்க்கிழமை நானும் ரோஸ்லெட்டும் நாகர்கோவில் போய் பஸ் மாறித் தக்கலை போனோம். வழியெல்லாம் எனக்கு அந்த வெப்ராளம்தான்.

ஜாஸ்மின் தக்கலையில் ஒரு லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை செய்கிறாள். வேலை உடையோடேயே வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ஆள் வந்தது, பேர் கேட்டது, பசுவுக்குப் பேர் உண்டென்று நினைத்தது, சாயா. கடைசியில், "நான் செய்தது தப்பு மக்களே. ஜெபத்துல பொய் கலந்துட்டேன்" என்றேன்.

அவள் முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ரோஸ்லெட் எழும்பினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "வெள்ளக்காரனுக்கு... ஞானசிகாமணி..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

"சிரிக்காத ஏட்டி!" என்றார் ராஜமணி சார். "இவரு சொல்லுகது இருக்கட்டும். அந்தப் பொண்ணு ஏன் இல்லன்னு சொல்லல்ல? அத ஆரு சொல்லுவா?"

ஜாஸ்மின் கண்ணைத் துடைத்தாள். "நான் சொல்லுகேன். நம்ம பக்கத்து வீட்டு மாமனுக்கு ரத்தத்துல என்ன உண்டும்னு மூணு மாசமா கேக்கியளே. சொன்னேனா?"

"அது வேற."

"ஒண்ணுமில்லன்னாவது சொல்லுன்னு கேட்டியோ. அதயும் சொன்னேனா?"

சர்வேயர் சார் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துத் திரும்பச் செருகினார்.

"அப்பா, அவரு ஒருவேள அங்க போனாருன்னே வைங்கோ. பல்லு வலிச்சா போறதில்லியா? நான் அவரிட்ட இதக் கேக்கல்ல. கேக்கவும் மாட்டேன். அவருக்குத் தோணினா சொல்லட்டு. இந்த விசயத்துல வாய தொறக்காத ஒரே ஆளு அந்த ஷைனி அக்காதான். அதுக்கு அவியள மெச்சணும்."

ராஜமணி சார் எழும்பி ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார். அவர் எதையோ அளப்பது போல இருந்தது. கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

"மூணாவது ஓலை ஞாயிற்றுக்கெழம. அன்னைக்கு நீரு வாசிச்ச அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல, இத சொல்லணும்."

"சொல்லுகேன் சார்."

"கடைசிப் பெஞ்சு வர கேக்கணும்."

யாருக்குப் போயிற்று?

சொன்னேன். பாவ அறிக்கை மௌனமாகச் செய்வதுதான் எங்கள் வழக்கம். உரக்கச் செய்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று பேர் முன்னால் அழுத என் மகளை நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் முந்நூறு பேர்.

நான் முடித்ததும், முன் பெஞ்சில் இருந்த எஸ்தர் அம்மாள், ஆபரேஷன் செய்த கண்ணால் என்னைப் பார்த்து, "அப்போ நாங்க ஜெபிச்சது ஆருக்குப் போச்சு?" என்று கேட்டாள். கோயில் முழுக்கச் சிரிப்பு. போதகர் ஐயா கையை உயர்த்தி, "போக வேண்டிய ஆளுக்குப் போயிருக்கும்மா" என்றார். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

சீட்டுப் பெட்டியின் சாவியை அன்றே கொடுத்துவிட்டேன். இப்போது வேறொருவர் வாசிக்கிறார். கிணற்றுக்குள் இருந்து பேசுகிற குரல். நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஷைனியின் காரியம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. அந்த மூத்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டு, முழுவதையும் எழுதித் தரச் சொன்னார். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அந்த இரண்டு வாரமும் எனக்குக் கடையில் யூரியாவும் பொட்டாஷும் ஒன்றாகத் தெரிந்தன. வந்தவர்களுக்கு மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

பிறகு கூப்பிட்டாள். பேரோ ஊரோ நோவோ அவள் வாயிலிருந்து வெளியே போகவில்லை என்று அந்த அம்மாள் எழுதினாராம். தானே வந்து சொன்னாள், வற்புறுத்தியும் இல்லை என்ற சொல்லைச் சொல்லவில்லை என்றும் எழுதினாராம். அதோடு, இன்றைக்கு முதல் ஆள் வந்தார் என்று வீட்டில் சொன்னதும் வேண்டாத பேச்சு என்று எழுதினாராம்.

பதிவு வந்தது. ரோஸ்லெட் அழுதாள். நான் கடையை அரைநாள் பூட்டினேன்.

அன்றிலிருந்து ஷைனி எங்களிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாப்பிட்டியா என்று கேட்கிறேன், சாப்பிட்டேன் என்கிறாள். அங்கே மழையா என்கிறேன், மழை என்கிறாள். முன்பு அந்த ஐந்து நிமிடப் பேச்சில் எனக்கு ஒரு வாரம் ஓடும். அது போயிற்று. போகட்டும். அது என்னுடையதாக இருந்ததே இல்லை.

மாப்பிள்ளை காதில் சொன்னது

கல்யாணத்துக்கு ராஜமணி சாரே நேரில் வந்து அழைத்தார். தக்கலையில் நல்ல கூட்டம். போதகர் "ஞானசிகாமணி என்ற ஷிபின்" என்று வாசித்தபோது கொட்டாரத்துக்காரர்கள் இருந்த பக்கம் மட்டும் இருமல் சத்தம் அதிகமாகக் கேட்டது.

வாழ்த்தச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஷிபினை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஒல்லியான பையன், கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். "மக்களே, என்ன மன்னிக்கணும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குனிந்தார். என் காதில் ஒரு விஷயம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். போட்டோக்காரர் எங்களை நிமிரச் சொன்னார்.

கீழே இறங்கும் முன்பே ரோஸ்லெட் ஆரம்பித்தாள். "என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

பந்தியில் பாயசத்துக்கு நடுவே கேட்டாள். பஸ்ஸில் வில்லுக்குறி தாண்டும்போது கேட்டாள். "ஷைனியப் பத்தியா? பொண்ணப் பத்தியா? நல்லதா, கெட்டதா? அதயாவது சொல்லுங்கோ." அது பாயசத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம், கோட்டின் புழுக்கத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். இது இல்லை, அது இல்லை என்று நான் உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

நாகர்கோவிலில் பஸ் மாறினோம். சுசீந்திரம் வந்தபோது அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கிட்டயுமா சொல்ல மாட்டியோ?"

நான் எதிரே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கொட்டாரம் வந்து இறங்கும்போது என் கையிலிருந்த தாம்பூலப் பையைப் பிடுங்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"மவ அப்பன மாதிரின்னு இத்தற நாளும் ஊருல சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்போ அப்பன்லா மவள மாதிரி ஆயாச்சு."